ஒரு பைனாகுலர், மூன்று ஜோடிக் கண்கள்: பல கோடைகளுக்குப் பிறகு

பைனாகுலர் வாங்கிய புதிதில் எழுதும் மதிப்புரைகளில் லென்ஸின் தெளிவைப் பற்றித்தான் நிறைய இருக்கும். தெளிவு முக்கியம்தான், ஆனால் அது ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் அந்தப் பொருள் அலமாரியை விட்டு வெளியே வருமா வராதா என்பதை முடிவுசெய்வது கழுத்து, மூக்குக்கண்ணாடி, யார் யார் பார்க்கப்போகிறார்கள் என்பது, இவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா, நான், மகள் மூவருக்கும் ஒரே பைனாகுலர். கைமாறிக் கைமாறிப் பார்ப்பதால் அதன் நிறையும் குறையும் எனக்கு மனப்பாடம்.

எங்களிடம் இருப்பது 8×42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. சுள்ளென்ற வெயிலில் நம் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் அந்த வெளிச்சத்தில் பாதிக்கு மேல் உள்ளேயே போகாது. பகலில் மட்டும் பார்ப்பவருக்கு 8×32 தாராளமாகப் போதும், எடையும் குறையும். நாங்கள் கோடையில் கிளம்புவது விடியும்போது, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான். மரத்தடி நிழலில் எது இலை, எது சிறகு என்று புரியாத அந்த அரை இருட்டில் 42 கைகொடுக்கிறது.

பத்து மடங்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. அப்பாவுக்கு இப்போது கை லேசாக நடுங்குகிறது. எட்டிலேயே அவர் முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டிவைத்து, முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டுதான் பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் தண்ணீரோரம் நிற்கும் கொக்கு அசையாமல் தெரிகிறது. பத்தில் அது ஆடும். நடுப்பகலில் தரையிலிருந்து கானல் எழும்பும்போதோ எந்த விலை லென்ஸும் உதவாது. உருப்பெருக்கம் கூடக்கூடக் கானலும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான்.

சரி, கைமாற்றும் கதைக்கு வருகிறேன். நான் எப்போதும் கண்ணாடி போடுபவன். அதனால் கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையங்களை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார், அவருக்கு வளையங்கள் மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் கறுப்புப் பிறைகள் தோன்றிப் படத்தை மறைக்கும். மகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு, எனவே நடு மூட்டை மடக்க வேண்டும். சின்ன வயதில் முழுக்க மடக்கினாலும் அவளுக்குப் பொருந்தாது. பெரும்பாலான பைனாகுலர்களில் இரண்டு கண்ணுக்குமான இடைவெளி 56 மில்லிமீட்டருக்குக் கீழே வரும்படி மடங்குவதில்லை. பாவம், ஒரு குழாய் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வலது கண்ணுக்கான டயாப்டர் வளையம், இரண்டு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது. வலக் கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடக் கண்ணுக்குத் தெளிவாக்கி, பிறகு இடக் கண்ணை மூடிக்கொண்டு அந்த வளையத்தைத் திருப்ப வேண்டும். இதையெல்லாம் முடிப்பதற்குள் மீன்கொத்தி மீனோடு போயிருக்கும்.

எங்கள் மாடலில் அந்த டயாப்டர் வளையத்துக்குப் பூட்டு கிடையாது. பையில் உரசினாலே நகர்ந்துவிடும். என் பெரிய புகார் இதுதான். என் அளவுக்கும் அப்பாவின் அளவுக்கும் வளையத்தில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு புள்ளிகள் வைத்துவிட்டேன். இரண்டாவது புகார், இடப்பக்க ரப்பர் வளையம் இப்போது தளர்ந்துபோய், மேலே ஏற்றினால் முகத்தின் அழுத்தத்தில் தானாகவே இறங்குகிறது. எனக்குக் கவலையில்லை, அப்பாவுக்குத்தான் எரிச்சல்.

எடை 700 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. கையில் தூக்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், இரண்டு மணி நேரம் கழுத்தில் தொங்கினால் தெரியும். நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருக்கும் எனக்கு, கூட வந்த மெல்லிய பட்டை பிடரி வலியைத்தான் கொடுத்தது. முதுகில் குறுக்காகப் போகும் தோள்பட்டை வாரை மாட்டிய பிறகு பாரம் தோளுக்குப் போய்விட்டது. லென்ஸைப் பற்றி நூறு மதிப்புரை படிப்பவர்கள் இந்த வாரைப் பற்றி ஒன்றாவது படிக்கலாம்.

உள்ளே நைட்ரஜன் நிரப்பிய, நீர் புகாத வகை இது. அதனால் உட்பக்கம் ஒருபோதும் மங்கியதில்லை. ஆனால் குளிர்ந்த காரிலிருந்து புழுக்கத்தில் இறங்கியதும் வெளிப்பக்கம் ஆவி படியும். துடைக்க வேண்டாம், சில நிமிடங்களில் தானே போய்விடும். தூசி படிந்திருந்தால் முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும், இல்லையேல் மணல் துகளே பூச்சைக் கீறிவிடும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன், பூஞ்சை வரவில்லை. வெயிலில் மூடிய காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எதிர்பாராத லாபம், இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதையும் இது தெளிவாகக் காட்டுவது. வாங்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. வெயில் ஏறிப் பறவைகள் ஒதுங்கும் நேரத்தில் தட்டான்கள் வெளியே வருகின்றன. குளத்தோரம் நிழலில் உட்கார்ந்தபடி, புல்நுனியில் இருக்கும் தட்டானின் இறக்கை ஓரத்தில் உள்ள அந்தச் சின்னக் கறுப்புப் பொட்டைக்கூட மகள் பார்க்கிறாள், வரைகிறாள். வெளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்வதை நினைத்து நான் வேறு சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு கண்டிப்பு: சூரியன் இருக்கும் திசைக்குப் பைனாகுலர் திரும்பக் கூடாது. ஒரு நொடி போதும், விழித்திரை கருகிவிடும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். கண் இழுப்பதுபோல் இருந்தாலோ, தலை வலித்தாலோ, எப்போதோ கீழே விழுந்து உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக்கட்டியான ப்ரிஸம் நகர்ந்திருக்கக்கூடும். வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

திரும்பவும் இதையே வாங்குவேனா? ஒருவருக்கு மட்டும் என்றால், டயாப்டர் பூட்டு உள்ள 8×42 வாங்குவேன். மூன்று பேருக்கு ஒன்று என்ற யோசனையை மட்டும் இனி யாருக்கும் சொல்லமாட்டேன். அடுத்த கோடைக்குள் மகளுக்குத் தனியாக ஒரு 8×32 வரும். அப்பா இதை யாருக்கும் தருவதாக இல்லை, ஆக எனக்கும் ஒன்று தேட வேண்டியிருக்கிறது.