மேரியா, எலிசபெத்தா: இங்கிலாந்தின் மதச் சண்டையை யார் சரியாகக் கையாண்டார்?
ராணி மேரி 1553-இல் அரியணை ஏறியதும் நாட்டை மறுபடி ரோமின், அதாவது போப்பின் கத்தோலிக்கச் சபையின் கீழ் கொண்டுவர நினைத்தார், கத்தோலிக்கப் பூசை திரும்பி வந்ததில் பல ஊர்களில் மகிழ்ச்சிதான். கெடுத்தது எரிப்புத் தண்டனை. 1555-இலிருந்து 1558-க்குள் போப்பை ஏற்காத சீர்திருத்தக்காரர்களான புராட்டஸ்டன்டுகள் சுமார் 280 பேரை உயிரோடு எரித்தார்கள், பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். தன் கொள்கையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்த பேராயர் கிரான்மரைக்கூட 1556-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரித்தார்கள். மன்னித்து விட்டிருந்தால் மேரிக்கு எவ்வளவோ லாபம்.

மேரிக்குப் பின் ராணியான எலிசபெத் 1559-இல் வேறு வழி எடுத்தார். வழிபாட்டில் நற்கருணை (அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்கும்போது சொல்வதற்கு, பழைய நம்பிக்கைக்கு நெருக்கமான 1549 ஜெப நூலிலும் சீர்திருத்தக்காரருக்குப் பிடித்த 1552 ஜெப நூலிலும் இருந்த வாசகங்களைச் சேர்த்து வைத்து, பழைய நம்பிக்கைக்காரரும் சீர்திருத்தக்காரரும் ஒரே கோவிலில் மண்டியிட இடம் விட்டார். ஞாயிறு கோவிலுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம், கூலிக்காரருக்கு அதுவும் கனம்தான்.

அதற்காக அவரைச் சாந்த சொரூபி ஆக்க வேண்டாம். 1570-இல் போப் அவரைச் சபைநீக்கம் செய்த பிறகு கெடுபிடி ஏறியது, 1581-இல் அபராதம் மாதம் 20 பவுண்டு, அப்புறம் 1585 சட்டப்படி வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வந்த கத்தோலிக்கப் பாதிரியார் என்றாலே ராஜத்துரோகி. அப்படியும் என் ஓட்டு எலிசபெத்துக்குத்தான், மத நம்பிக்கைக்காக யாரையும் கொல்லாமல் முதல் பத்து வருடம் ஆண்டதற்காக.