பிக்கர் (bicker), ஸ்குவாபிள் (squabble): எந்தச் சண்டைக்கு எந்தச் சொல்?

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'அற்பச் சண்டை' என்றே பொருள் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பிக்கர் என்பது ஓயாத வாய்த்தகராறு. 'விளக்கை அணைக்காதது நீதான்', 'இல்லை, நீதான்' என்று கணவனும் மனைவியும் நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்களே, அது. இன்று இவ்வளவு சாதுவான இந்தச் சொல், 14ஆம் நூற்றாண்டில் ஆயுதம் ஏந்திய மோதலைக் குறித்தது! குத்துவது, வெட்டுவது என்ற பொருளுள்ள இடைக்கால டச்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அப்புறம், சலசலத்து ஓடும் ஓடைக்கும் இதே வினைதான். ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் தன் ஓடைக் கவிதையில் அப்படித்தான் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. தண்ணீரும் நிற்பதில்லை, அந்த வாக்குவாதமும் நிற்பதில்லை.

ஸ்குவாபிள் வேறு ரகம். சட்டென்று வெடிக்கும், சத்தம் அதிகம், சீக்கிரம் அடங்கிவிடும். ஜன்னலோர இருக்கைக்குப் பிள்ளைகள் போடும் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1600களின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஸ்வீடனின் வட்டார வழக்கில் கிட்டத்தட்ட இதே ஒலியில் ஒரு சொல் உண்டு. அச்சுக்கோத்த எழுத்துகள் வரிசை கலைந்து போவதையும் அச்சகத்தார் இதே சொல்லால்தான் குறித்தார்கள்.