விட்ட பத்தாம் வகுப்பை எழுத: தனித்தேர்வரா, திறந்தநிலைப் பள்ளியா?

ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நான் பள்ளியை விட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை இருந்தது, போய்விட்டேன். எங்கள் தெருவில் படிப்பை விட்டவர்கள் பெரும்பாலும் ஒன்பதிலோ பத்திலோ விட்டவர்கள்தான். எட்டு வரை பாஸ் போட்டுவிடுவார்கள். கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு வீட்டுக்கு வருபவர்கள் குறைவு.

27 வயதில், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை எழுத ஆசை வந்தது. அதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். என் முன்னால் இருந்தது இரண்டு வழி. ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நாமே படித்து எழுதுவது. மற்றது, என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்வது. நான் முதல் வழியில் போனேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் சித்தி மகள் இரண்டாவதில் சேர்ந்தாள்.

செலவில் தனித்தேர்வர் வழி மலிவு, சில நூறு ரூபாயில் முடியும். திறந்தநிலையில் ஆயிரத்தைத் தாண்டும். தேர்ச்சி மதிப்பெண் தனித்தேர்வருக்கு 35, திறந்தநிலையில் 33. இதையெல்லாம் வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பாடப்புத்தகம். தனித்தேர்வர் படிப்பது பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அதே சமச்சீர்ப் புத்தகம். என் நாத்தனார் மகள் அந்த வருடம் பத்தாவது. அவள் டியூஷன் நோட்டை ராத்திரி வாங்கி எழுதிக்கொள்வேன். சமன்பாடு புரியாவிட்டால் எதிர்வீட்டுத் தம்பியைக் கேட்பேன். அவன் போன வருடம்தான் அதை எழுதியிருந்தான். பழைய வினாத்தாள் கடையிலேயே கிடைக்கும். பத்து வருடத்துக்கு மேல் படிப்பை மறந்திருந்தவளுக்குச் சந்தேகம் கேட்கத் தெருவில் நாலு பேர் இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று எனக்குத்தான் தெரியும். அப்புறம் குரூப் 4-க்கும் ஆறு முதல் பத்து வரை அதே புத்தகங்களைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். ஒரு தடவை உழைத்தது இரண்டு இடத்தில் உதவுகிறது.

சித்தி மகளுக்கு வந்த புத்தகங்களும் தமிழில்தான், நன்றாகவே இருந்தன. "அக்கா, படிச்சா புரியுது, புரியலைன்னா கேக்கத்தான் ஆள் இல்லை" என்பாள். அவள் இருக்கும் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பத்தாவது படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அவர்கள் கையில் இருப்பது வேறு புத்தகம்.

தனித்தேர்வர் வழியில் கஷ்டம் அறிவியல் செய்முறை. ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். பட்டறையில் கூலி எடைக் கணக்கு. போகாத நாளுக்குக் காசு இல்லை. அந்த வாரங்களில் வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கினேன். முதல் தடவை ஐந்து பாடத்தையும் சேர்த்தே எழுதவும் வேண்டும். எனக்குக் கணக்கில் 28 வந்தது. அன்று அழுதேன். ஆனால் துணைத் தேர்வில் கணக்கை மட்டும் எழுதினால் போதும் என்பதால் அந்த வருடமே முடித்துவிட்டேன்.

இந்த இடத்தில் திறந்தநிலையின் நன்மையை மறைக்கக் கூடாது. அங்கே பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்பு உண்டு. ஒரு பாடம், இரண்டு பாடம் என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்த பிறகு ஏப்ரலில் எழுதுவது அவளுக்குத் தோதாக இருந்தது. என்னைப் போல வாரக்கணக்கில் செய்முறை வகுப்புக்காக ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறச் சொல்லியிருந்தால் முதல் மாதமே விட்டிருப்பாள். கணக்கை விட்டுவிட்டு மனையியல் எடுக்கவும் முடிந்தது. ஆனால் கணக்கும் அறிவியலும் இல்லாமல் பல பாலிடெக்னிக், ஐடிஐ பிரிவுகளில் சேர முடியாது. அந்த ஆசை இருந்தால் பாடம் எடுக்கும்போதே யோசியுங்கள்.

பிளஸ் டூவைத் திறந்தநிலையில் முடித்தவர்கள் எனக்குப் பழக்கமில்லை, அதனால் பத்தாவதை வைத்துத்தான் பேசுகிறேன். வீட்டிலோ பக்கத்திலோ பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் தனித்தேர்வராக எழுதுங்கள். சுற்றிலும் யாரும் இல்லை, லீவும் கிடைக்காது என்றால் திறந்தநிலை.

தனித்தேர்வருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று வேண்டும். பழைய பள்ளியில் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். செய்முறைப் பதிவு, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஜூன் மாதமே போய்த் தேதி கேட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.