அலை ரேகை மேப்பிள் வாங்குகிறீர்களா? படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

அலமாரிக் கதவுகளுக்கென்று, அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் (வெளிர்நிறக் கடினமரம்) பலகைகளை இணையம் வழியாக வாங்கினேன். சாதாரண மேப்பிளைவிடப் பல மடங்கு விலை. வந்து இறங்கியவற்றில் ஒன்றே ஒன்றில்தான் அந்த ரேகை இருக்கிறது. அதுவும் ஒரு முழ நீளத்துக்கு. மற்றவற்றில் இருப்பது சாயமும் இயந்திரத் தழும்பும்தான். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கதவுக்கோ வயலின் முதுகுக்கோ இத்தகைய மரம் தேடுகிறவர்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் பலகையைச் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, ஒரு முனையை மெல்ல ஏற்றி இறக்கினேன். வரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அப்போதே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அசல் அலை ரேகையில் நார்கள் நேராக ஓடாமல் மேடும் பள்ளமுமாக வளைந்து ஓடும். ஒளியைத் திருப்பி அனுப்பும் சரிவு பளிச்சிடும். நாரின் வெட்டுமுனை தெரியும் சரிவு இருண்டு நிற்கும். பலகையைச் சாய்த்தால் இருளும் ஒளியும் இடம் மாறும், பட்டுத்துணியை அசைத்தாற்போல. இந்தப் பலகையிலோ இருண்ட வரி எந்தக் கோணத்திலும் இருண்டே இருந்தது. இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தேன். வரி சீவலோடு சுருண்டு வந்துவிட்டது. அடியில் வெளுத்துப்போன மொட்டை மேப்பிள்.

அடுத்த பலகையில் கைவரிசை இன்னும் சாமர்த்தியமானது. வரிகள் வெளிச்சத்தில் கொஞ்சம் அசையவும் செய்தன. ஆனால் ஓரம் முதல் ஓரம் வரை அச்சடித்த மாதிரி சம இடைவெளி. மரம் அப்படி வளராது. அசல் வரிகள் நெருங்கும், விலகும், நடுவில் அறுந்துபோகும். மேலே ஒரு தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். இழைப்பு இயந்திரத்தின் கத்தி விட்டுச்சென்ற மேடுகள் வரிசையாகத் தாளில் விழுந்தன. இதன்மேல் எண்ணெய் பூசி, விளக்கைத் தாழ்த்தி வைத்துப் படமெடுத்தால் பழகிய கண்ணும் ஏமாறும்.

முறையிட்டபோது வந்த பதில்: “முதல் தரம் என்று சான்றிதழே இருக்கிறது. மரம் இயற்கைப் பொருள்.” சான்றிதழ் உண்மைதான், கேள்விக்குப் பதில்தான் இல்லை. வட அமெரிக்கக் கடினமரத் தர விதிகளில் உயர்தரம் என்பது, பலகைப் பரப்பில் சுமார் 83 சதவீதம் குறையற்ற துண்டுகளாகத் தேறுமா என்ற கணக்கு. ரேகையின் அழகுக்கு அதில் இடமே கிடையாது. ‘முழு நீளமும் அலை ரேகை’ என்ற அவர்களுடைய விளம்பர வாசகத்தைச் சுட்டிக்காட்டினேன். சத்தமில்லாமல் அதை நீக்கிவிட்டார்கள். (என்னிடம் பிரதி இருக்கிறது.)

ரேகைக்கென்று கூடுதல் விலை கேட்டால், பலகையின் மொத்தக் கன அளவுக்குக் கொடுக்காதீர்கள். இழைத்து, அறுத்து, உங்கள் வேலைக்குக் கிடைக்கும் பரப்பில் எவ்வளவு ரேகை தேறுகிறதோ அதற்கு மட்டும்தான் அந்த விலை நியாயம். பலகையின் வெட்டுமுனையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டு வளையங்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் பலகையில்தான் அலை ரேகை நன்றாக எடுபடும். சிறு கண்கள் போன்ற புள்ளிகள் நிறைந்த பறவைக்கண் மேப்பிளுக்கு இது நேர்மாறு. வளையங்கள் படுத்திருந்தால்தான் கண்கள் வட்டமாகத் தெரியும். வெட்டுமுனையைக் காட்டத் தயங்குகிறவர் வெனீர் என்னும் மெல்லிய மரத் தகட்டை மேலே ஒட்டிய பலகையை விற்பவராகவும் இருக்கலாம்.

அசையாத படம் வேண்டாம். ஒரே விளக்கின் கீழ், எண்ணெய் பூசாத பலகையைச் சாய்த்துத் திருப்பும் காணொளி கேளுங்கள். இழைத்த பலகையைத் திரும்பப் பெற மாட்டோம் என்பதே என் விஷயத்தில் அவர்களுடைய கடைசி வாதம். ஆகவே சோதனைக்காக உள்ளங்கை அகலம் இழைத்தாலும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.