பரிசாக பேடில் போர்டு: காற்றடிப்பதா, கெட்டியானதா?

தம்பி வார இறுதியானால் கோவளம் பக்கம் போய் வாடகை பேடில் போர்டில், அதாவது நின்றபடியே துடுப்புப் போடும் மிதவைப் பலகையில், நிற்பவன். பிறந்தநாளுக்கு சொந்தமாக ஒன்று வாங்கித் தரலாம் என்று நாங்கள் இறங்கியபோது தேர்வு இரண்டாக வந்து நின்றது: காற்றடிக்கும் போர்டு, அல்லது ஃபோமின் மேல் ஃபைபர் கிளாஸும் எபாக்சி ரெசினும் பூசிய கெட்டி போர்டு. வாங்கியது காற்றடிப்பது. இன்னொரு முறை வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன்.

தண்ணீரில் கெட்டி போர்டுதான் ஒரு படி மேல். வேகம் அதிகம், நேர்கோட்டில் போகும், அலையில் சொன்னபடி திரும்பும். அதில் வாதமே இல்லை. ஆனால் பரிசு தண்ணீரில் இருக்கப்போவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். மீதி நேரம் முழுக்க வீட்டில்தான்.

தம்பி இருப்பது சென்னை ஓஎம்ஆரில் மூன்றாவது மாடி ஃபிளாட். வழக்கமான கெட்டி போர்டு பத்தரை அடி நீளம். லிஃப்டில் நுழையாது, மாடிப்படித் திருப்பத்தில் சுவரை உரசும், காரிடாரில் சாய்த்து வைத்தால் அசோசியேஷனிலிருந்து போன் வரும். பால்கனியில் போட்டால் நாள் முழுக்க வெயில். எப்படியோ ஒரு மூலை கிடைத்தாலும் காருக்கு ரூஃப் ரேக் வேண்டும், அதைக் கட்ட இன்னொரு ஆள் வேண்டும். நம் காசில் நாம் வாங்கினால் இதெல்லாம் நம் பாடு. பரிசாகக் கொடுக்கும்போது அந்தத் தலைவலியையும் சேர்த்தே கொடுக்கிறோம். காற்றடிக்கும் போர்டோ பாய் மாதிரி சுருண்டு முதுகுப்பைக்குள் போய்விடும். எடை எட்டிலிருந்து பத்து கிலோ. பீரோ மேலே வைத்துவிடலாம்.

‘காற்றடித்தது தொளதொள என்று இருக்காதா’ என்று அம்மா கேட்டார். இருக்காது. மேல்தாளையும் அடித்தாளையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே இழுத்துப் பிடிப்பதால் 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்தாலும் உப்பாமல் பலகையாக நிற்கும். தடிமன் மட்டும் ஆறு அங்குலம் இருக்கட்டும். நாலு அங்குலத்தில் எடை கூடிய ஆள் நின்றால் நடுவில் வளையும்.

சரி, குறைகள். உயரமாக மிதப்பதால் காற்று தள்ளும். கடல்காற்று எழும் முன்பே, காலையிலேயே, கரையேறிவிடுவது நல்லது. பராமரிப்பும் இதற்குத்தான் கொஞ்சம் கூடுதல். நல்ல தண்ணீரில் கழுவி, அடியில் ஃபின் (மீன் துடுப்பு மாதிரியான தகடு) மாட்டும் குழியில் சிக்கிய மணலை விரலால் தோண்டி எடுத்து, நிழலில் காயவிட்ட பிறகுதான் சுருட்ட வேண்டும். கால் வைக்கும் ஃபோம் விரிப்பு ஈரத்தோடு உள்ளே போனால் அடுத்த வாரம் பையைத் திறக்கும்போது பூஞ்சை வாடை மூக்கைத் துளைக்கும். அப்புறம், முழுக் காற்றோடு வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும். கெட்டி போர்டைக் கழுவினால் போதும்தான். ஆனால் எதிலாவது இடித்து மேல்பூச்சு விரிசல் விட்டால் ஃபோமுக்குள் தண்ணீர் இறங்கும், ரெசின் வேலை தெரிந்தவரைத் தேட வேண்டும். காற்றடிப்பதில் சின்ன ஓட்டை என்றால் கூட வரும் பிவிசி ஒட்டுத்துண்டும் பசையுமே போதும்.

எங்களுடையது இன்னும் புதுசு. சென்னை வெயிலில் ஓரத்துப் பசை எத்தனை வருடம் தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை. கார் டிக்கியில் விட்டு வைக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அலையில் ஏறும் ஆசை வந்தால் கெட்டி போர்டு பக்கம் போக வேண்டியிருக்கலாம். முட்டுக்காடு மாதிரி அமைதியான தண்ணீருக்கு இது தாராளம்.

பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் விலை கூடிய கார்பன் துடுப்பில் போடாதீர்கள். முதலில் லைஃப் ஜாக்கெட்டும் போர்டைக் காலோடு கட்டும் லீஷும் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடும் பம்ப். கைப்பம்பில் பத்து பிஎஸ்ஐ வரை சிரித்துக்கொண்டே அடிக்கலாம். கடைசி ஐந்துக்கு உடம்பின் மொத்த எடையையும் கைப்பிடியில் இறக்க வேண்டும்.