21 நாளும் முழுசாக ஓட்டவைத்த டிரைவிங் ஸ்கூல் – கோபி (கோபிசெட்டிபாளையம்)

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மாமியார் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். மணி பதினொன்றரை. கார் வாசலில் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் நைட் ஷிப்ட். பையனுக்கு 17 வயசு. "நான் ஓட்டறேன்மா" என்று சாவியைக் கையில் எடுத்துவிட்டான். பிடுங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனை எழுப்பி, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, கோபி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தை வழி நெடுக என் கையை விடவே இல்லை. விடிவதற்குள் கார் பழகுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

இது எனக்கு இரண்டாவது முயற்சி. எட்டு வருஷம் முன்னால் வேறொரு ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினேன். "பத்து நாள் வந்தாப் போதுங்க, லைசென்ஸ் எங்க பொறுப்பு" என்றார்கள். ஒரு காலி மைதானத்திலேயே சுற்றவிட்டார்கள். கிளட்சும் பிரேக்கும் பழக்குபவர் காலில்தான் இருந்தது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் அன்று வண்டி மூன்று தடவை ஆஃப் ஆனது. அழுதுகொண்டே வீடு திரும்பினேன். எல்.எல்.ஆருக்கு (பழகுநர் லைசென்ஸ்) ஆறு மாசம்தான் ஆயுசு, அதுவும் காலாவதியாகிவிட்டது.

இந்த முறை கோபி கச்சேரிமேடு பக்கம் ஒரு சின்ன ஸ்கூல். மாஸ்டர் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை. ஒரே அறை, இரண்டு பெஞ்ச், பழைய ஆல்டோ ஒன்று. போன அன்றே நான் கேட்டேன், "டெஸ்ட்டுக்கு மட்டும் பழக்கிவிட்டாப் போதுங்களா மாஸ்டர்?" அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கம்மணி, கார் பழக்க 21 நாளுக்குக் குறையக் கூடாதுன்னு ரூல்லயே இருக்குதுங்க. அதுல பத்து மணி நேரம் நீங்களே ஓட்டோணும். அதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு வெடியால வாங்க." மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இது இருக்கிறது. பழைய இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவே இல்லை.

அவர் கணக்கு நோட்டில் தினமும் எத்தனை நிமிஷம் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். 21-ஆம் நாள் கூட்டிப் பார்த்தோம், பதினோரு மணி நேரத்துக்கு மேல் வந்தது.

முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடவே விடவில்லை. போர்டுகளைப் படிக்க வைத்தார். சிவப்பு வட்டம் உத்தரவு, முக்கோணம் எச்சரிக்கை, நீலப் பலகை தகவல். இதைப் பிடித்துக்கொண்டதால் எல்.எல்.ஆர் கம்ப்யூட்டர் தேர்வு தமிழிலேயே சுலபமாக முடிந்தது. எனக்கு 43 வயசு. நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார், அதனால் ஒரு நடை மிச்சம். எல்.எல்.ஆர் கிடைத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த முப்பது நாளும் வீணாகாதபடி வகுப்பைப் பிரித்துப் போட்டுக்கொடுத்தார்.

எனக்கு எமன் மாதிரி இருந்தது மேடுதான். எங்கள் ஊர்ப் பாதையில் வாய்க்கால் பாலத்தில் ஒரு ஏற்றம் உண்டு. ஒன்பதாம் நாள் அங்கே முன்னால் கரும்பு லோடு டிராக்டர் ஒன்று பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. மாஸ்டர் பக்கத்துப் பெடலில் காலே வைக்கவில்லை. "ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. அவன் அடிக்கட்டும், நமக்கென்ன. இப்ப கிளட்ச மெதுவா விடுங்க... வண்டி முன்னால லேசா தூக்குது பாருங்க, அங்கயே நிறுத்துங்க. ஆக்சிலேட்டர் கொஞ்சம். இப்ப ஹேண்ட் பிரேக்க விடுங்க." வண்டி ஒரு விரக்கடைகூடப் பின்னால் போகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கே நான் கட்டின பணம் சரியாகப் போய்விட்டது. அப்புறம் நான்கு நாள் அதே பாலத்தில் நிறுத்தி நிறுத்தி எடுக்கவைத்தார்.

பதினெட்டாம் நாள் பண்ணாரி வரை போய் வந்தோம். திம்பம் மலைக்கு ஏற்றவில்லை, அது சரிதான். அடிவாரத்தில் நிறுத்தி, 27 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதையில் இடம் குறுகலாக இருந்தால் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று விளக்கினார். இறங்கும்போது நியூட்ரலில் போடவே கூடாது, ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூன்று தரம் திருப்பிச் சொன்னார்.

அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது வேறொரு நாள். ஒரு அப்பா பதினாறு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பதினாறுலயே டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்டலாங்களாமா, லைசென்ஸ் போட்டுக் குடுங்க" என்றார். ஊரில் பாதிப் பேர் நம்புவது இதைத்தான். பதினாறு வயசுக்குக் கிடைப்பது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிற எக்ஸெல் 100 கிட்டத்தட்ட 100 சிசி, அதற்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். மாஸ்டர் இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, மைனர் ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டிக்காரருக்கும் பெற்றவர்களுக்கும் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது என்று சொன்னார். 2019-இல் திருத்திய சட்டம். அந்த அப்பா பேசாமல் எழுந்து போனார். வந்த வருமானத்தை வேண்டாம் என்று அனுப்பின மனுஷரை நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் பையனை உட்காரவைத்து முழுசும் சொன்னேன். அன்று ராத்திரி சாவியை ஏன் பிடுங்கினேன் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

குறைகளும் உண்டு. வண்டி ஒன்றே என்பதால் அரை மணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டிவரும். பெண் பயிற்சியாளர் இல்லை. என் தங்கச்சி அதனாலேயே சேரவில்லை, அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் ஓட்டப் பழக்குவதில்லை. எதிரில் ஹை பீம் அடித்து வருகிற லாரியைச் சமாளிக்க நான் பிறகு வீட்டுக்காரரோடு போய்த்தான் கற்றுக்கொண்டேன். மாஸ்டர் இதை மட்டும் சேர்த்தே ஆக வேண்டும், நேரிலும் சொல்லியிருக்கிறேன். என்னைப் போல நிறையப் பேர் கார் பழக வருவதே ராத்திரி அவசரத்துக்குத்தான்.

கட்டணம் எனக்கு 6,500 ரூபாய், அரசுக் கட்டணம் தனி. டெஸ்ட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ஒரே தடவையில் பாஸ். என் வயசுக்குப் பத்து வருஷத்துக்கு லைசென்ஸ் வந்திருக்கிறது. இப்போது மாசம் ஒருமுறை அத்தையை ஈரோட்டுக்கு நான்தான் செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன். முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை அவரே மாட்டிக்கொள்கிறார்.

சேரப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் மாஸ்டர் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருப்பார். ஞாயிறு லீவு.