18650ஆ, 16340ஆ? லேசர் பாயிண்டருக்கு எந்த பேட்டரி

பினாங்கின் பாலிக் புலாவில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட இரண்டு லேசர் பாயிண்டர் வைத்திருக்கிறேன். சின்னதில் 16340, பெரியதில் 18650. (விமானம் தெரிந்தால் உடனே அணைத்துவிடுவோம்.)

பெயரிலேயே அளவு இருக்கிறது. 18650 என்றால் 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். 16340 கிட்டத்தட்ட அதில் பாதி நீளம்தான், சட்டைப்பையில் அடங்கிவிடும். ஆனால் சார்ஜ் கொள்ளளவு நாலில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அதனால் நான் 18650 பக்கம்தான்.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு 16340ஐ அடுக்கினால் 68 மி.மீ. வரும், 18650 குழாயில் உட்கார்ந்துவிடும் போலத் தெரியும். தயவுசெய்து போடாதீர்கள். 3.7 வோல்ட் 7.4 ஆகிவிடும், அதைத் தாங்காத டிரைவர் (லேசருக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) கருகிப்போகும்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். 4.2 வோல்ட்டில் சார்ஜ் நிற்க வேண்டும், 2.5க்குக் கீழே இறங்க விடக்கூடாது. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால், பாதி சார்ஜில் கழற்றிப் பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். பினாங்கு வெயிலில் காருக்குள் விட வேண்டாம். அப்புறம், பாசிட்டிவ் முனையோரம் மேலுறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் அந்த பேட்டரியை ஒதுக்கிவிடுங்கள். உறைக்கு அடியில் இருக்கும் உலோகம் முழுக்க நெகட்டிவ், இரண்டும் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.